காஞ்சியின் கரை

சென்ற மாசி மாதம் காஞ்சீபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். அவர் தறியில் கோர்வைச் சேலை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. கோர்வையில் உடல் வேறு, கரை வேறு. இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகவேண்டும். மறுநாள் மாமல்லபுரம் போகிறேன் என்றதும் பெரியவர் கையை நிறுத்தினார்.

“அங்கே ஏழு கோயில் இருந்துச்சாமே, ஆறைக் கடல் கொண்டுபோயிடுச்சாமே, நெசந்தானா ஐயா?”

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிடத்தான் ஆசை. நீருக்கடியில் ஆறு கோபுரங்கள்! ஒரு தொடர்கதைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

காஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இன்று காஞ்சியிலிருந்து மாமல்லபுரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பல்லவர் காலத்தில் காஞ்சி தலைநகர், மாமல்லபுரம் துறைமுகம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மனின் படை மானவர்மனுக்காகக் கடல் தாண்டி இலங்கைக்குப் போயிற்று. நிதியும் யானையும் நவமணியும் சுமந்த கப்பல்கள் உலவும் துறையாகக் கடல்மல்லையைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் மல்லையில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். காஞ்சி உடல் என்றால் மல்லை அதன் கரை.

ஏழு கோயில் கதையும் பழையதுதான். ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரையே ‘ஏழு கோயில்’ என்றுதான் அழைத்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் இங்கே வந்து பார்த்தார். அவருடைய கட்டுரை 1788-ல் அச்சேறியது. கடலுக்குள்ளே கோயில் உச்சிகள் தெரிந்ததையும், அவற்றின் செப்புத் தகடுகள் உதயத்தில் மின்னியதையும் கண்ட முதியவர்கள் உண்டு என்று ஊரார் சொன்னதாக அதில் இருக்கிறது.

கேட்டவர்கள் உண்டு, நீரில் இறங்கிப் பார்த்தவர்கள் யார்? 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், இங்கிலாந்துக் குழு ஒன்றுடன் சேர்ந்து இறங்கினார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களின் மிச்சமும் செதுக்கிய சதுரக் கற்களும் படிகளும் சிதறிக் கிடந்தன. கல்லின்மேல் சிப்பிகளும் ஒட்டிவாழும் கடல் உயிர்களும் கனமாகப் படர்ந்திருந்தன. மனிதன் கைவிட்ட வீட்டில் கடல் குடியேறிவிட்டது! ஆனால் மின்னும் கலசம் எதுவும் அகப்படவில்லை. ஆறு கோயில்கள் என்று எண்ணிச் சொல்லவும் முடியவில்லை.

அந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கும் போட்டார்கள். இந்தக் கரை ஆண்டுக்கு 55 சென்டிமீட்டர் அரிக்கப்படுகிறது என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. அதே வேகம் 1,500 ஆண்டுகள் நீடித்திருந்தால், அன்றைய கரை ஏறக்குறைய 800 மீட்டர் தள்ளி இருந்திருக்கும். இன்று நீருக்குள் கிடக்கும் கற்கள் அன்று தரையில் நின்றிருக்கும். ஒரே இரவில் பொங்கி விழுங்கக் கடலுக்கு அவசியமே இல்லை. வருஷத்துக்கு இரண்டு சாண் போதும்.

பொங்கியதும் உண்டு. 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்தது. எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன அந்த அலை, மல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டை வெளிக்காட்டிவிட்டுப் போயிற்று. ஒரு சுப்பிரமணியர் கோயிலுக்கு அளித்த தானத்தை அது சொல்லிற்று. கோயில் எங்கே? 2005-ல் தொல்லியல் துறையினர் பக்கத்து மணல்மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கற்கோயிலின் மிச்சம் தென்பட்டது; அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கற்கோயில் ஒன்று இருந்தது. சங்க காலத்தது என்று அவர்கள் கருதினார்கள். ஏழு கோயில் கதையைச் சொன்னவர்கள் யாரும் கணக்கில் சேர்க்காத கோயில் அது!

பங்குனியில் மறுபடியும் பிள்ளையார்பாளையம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரைக் கோயிலைச் சுற்றி அலையைத் தடுக்கப் பாறைகள் போட்டிருப்பதையும், அப்படியும் உப்புக்காற்றில் சிற்பங்களின் முகம் தேய்ந்திருப்பதையும் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டே அறுந்த இழை ஒன்றை முடிந்தார்.

“போனது ஆறோ என்னவோ, அதை விடுங்க ஐயா. நிக்கிற கோயிலுக்கு இன்னும் எத்தனை சாண் பாக்கி? அதைக் கேட்டீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை.