ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? – கார் பந்தய விளையாட்டுகளில் கியர் மாற்றுவது பற்றி

அக்கா மகன் இரண்டாவது முறையாக ஓட்டுநர் தேர்வில் தோற்ற அன்று மாலை நான் பர்மிங்காமில் அவர்கள் வீட்டில் இருந்தேன். முதல் முறை மேட்டில் வண்டியை எடுக்கும்போது பின்னால் உருண்டிருக்கிறது. இந்த முறை ரவுண்டானாவில் இரண்டு தடவை இஞ்சின் அணைந்துவிட்டது. பையன் யாரிடமும் பேசாமல் மாடிக்குப் போய் பிளேஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டான். எட்டிப் பார்த்தேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப் பாதையில் பறந்துகொண்டிருந்தான், அதுவும் மேனுவல் கியரில். ஒரு தப்பு இல்லை.

"அடுத்த தடவை ஆட்டோமேட்டிக் கார்ல எழுதிடறேன் மாமா" என்றான். கீழே அத்தானிடம் சொன்னபோது அவர், "அதெல்லாம் வண்டி ஓட்டறதில் சேர்த்தியா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இங்கிலாந்தில் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். மேனுவலில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம். பையனுக்குக் கிடைத்திருக்கும் வேலையோ வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. உரிமம் இல்லாமல் சேர முடியாது. ஆகவே இது வெறும் கௌரவச் சண்டை இல்லை.

விளையாட்டில் இவ்வளவு சுத்தமாக மேனுவல் ஓட்டுகிறவன் தெருவில் ஏன் திணறுகிறான்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில வாரங்கள் நானும் அந்த கன்ட்ரோலரைப் பிடித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விளையாட்டு என்றாலே ஒதுங்கிப் போகும் நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம், வருத்தமில்லை.

கியர் கம்பு வீடியோ விளையாட்டுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த அலங்காரம் அல்ல. அடாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'கிரான் டிராக் 10' பெட்டியிலேயே ஸ்டீயரிங், பெடல்களோடு கியர் ராடும் இருந்தது. 1982இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்' வந்தது, அதில் இரண்டே கியர். 1986இல் செகாவுக்காக யூ சுஸுகி உருவாக்கிய 'அவுட் ரன்' விளையாட்டிலும் லோ, ஹை என்று இரண்டுதான். அதை வைத்தே ஜப்பானியப் பையன்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ராடை மேலும் கீழும் படபடவென்று ஆட்டினால் புல்தரையில் இறங்கினாலும் வேகம் குறையாது. நிஜ வண்டியில் செய்தால் மெக்கானிக் அழுதுவிடுவார். 1990களின் நடுவில் வந்த 'டேட்டோனா யுஎஸ்ஏ' காசு போட்டதும் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று கேட்டது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான 'கிரான் டூரிஸ்மோ' இதே கேள்வியை நிஜக் கார்களின் பெயரோடு வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது.

இப்போது கியர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எந்த இஞ்சினும் எல்லாச் சுழற்சியிலும் ஒரே மாதிரி இழுக்காது. குறைந்த ஆர்.பி.எம்.மில் திணறும், நடுவில் நன்றாக இழுக்கும், மேலே போகப் போகக் கத்தல் அதிகமாகி இழுவை குறையும். அந்த நல்ல பகுதியை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கியர் மாற்றுகிறவரின் வேலை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டாம் கியரின் விகிதம் 1.9, மூன்றாவதன் விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்வோம். 6500 சுழற்சியில் மாற்றினால் முள் சுமார் 4450க்கு விழும், வண்டி இன்னும் இழுக்கும். அவசரப்பட்டு 5500இல் மாற்றினால் 3760க்குப் போய்விடும். அந்த இஞ்சினுக்கு 4500க்கு மேல்தான் உயிர் என்றால், எதிராளி உங்களைத் தாண்டிப் போவதை வேடிக்கை பார்க்கலாம். டர்போ இஞ்சின்கள் பலவற்றில் கதை தலைகீழ். இழுவை சீக்கிரமே உச்சத்தைத் தொட்டுவிடும், சிவப்புக் கோடு வரை காத்திருப்பது வீண்.

விளையாட்டின் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் சிவப்புக் கோட்டை ஒட்டித்தான் மேலே மாற்றுகிறது. நேர்சாலையில் அதில் பெரிய குறை சொல்ல முடியாது. சராசரி ஆட்டக்காரரைவிட அது துல்லியம். அதன் ஊனம் வேறு இடத்தில். அதற்கு முள் தெரியும், வேகம் தெரியும். அடுத்த வளைவு தெரியாது.

இதை நான் உணர்ந்தது நூர்பர்க்ரிங்கின் பழைய வட்டத்தில், நார்ட்ஷ்லைஃபயில். நீளம் 20.8 கி.மீ., ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், வளைவுகள் 73. (நம் கொல்லிமலைக்குக் கொண்டை ஊசி வளைவு மட்டுமே 70. ஆனால் அங்கே எதிரில் பஸ் வரும்.) கிரான் டூரிஸ்மோவின் நான்காம் பாகத்திலேயே இந்தப் பாதை வந்துவிட்டது. இதில் பெர்க்வெர்க் என்று மெதுவான ஒரு வலது வளைவு இருக்கிறது. 1976இல் நிகி லவுடா தீயில் சிக்கியது இதற்குச் சற்று முன்னால்தான். பெர்க்வெர்க்கைத் தாண்டியதும் கெஸ்ஸல்சென் என்கிற நீண்ட ஏற்றம். வளைவை விட்டு வெளியே வரும்போது எந்த வேகத்தில் இருக்கிறீர்களோ, அதன் லாபமும் நஷ்டமும் அந்த ஏற்றம் முழுக்கக் கூடவே வரும். ஆட்டோமேட்டிக்கில் நான் வளைவுக்குள் நுழைந்து, பிரேக்கை விட்டு, மெல்ல ஆக்சிலேட்டரைத் தொடும் நேரத்தில் அது இன்னும் மூன்றாவதில் சோம்பிக் கிடக்கும். முழுதாக அழுத்தியதும் திடுக்கிட்டு இரண்டாவதுக்கு இறங்கும். பின் சக்கரங்கள் வழுக்கும், கார் குறுக்கே நிற்கும். மேனுவலில் வளைவுக்கு முன்பே இறக்கிவைத்துவிடலாம். வழுக்கும் என்று தோன்றினால் வேண்டுமென்றே மூன்றாவதில் விட்டு, இழுவையைக் குறைத்து, பதவிசாக வெளியே வரலாம். இரண்டில் எது சரி என்பது காரைப் பொறுத்தது. முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இறக்கத்தில் இன்னொரு பாடம். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த பெரிய மாமா, ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய கியர் உள்ள பழைய அம்பாசிடரில் கொல்லிமலை இறங்கும்போது சொல்வார்: "ஏறின கியர்லயே இறங்கணும்டா." லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் காயாது. விளையாட்டில் பிரேக் காய்வதைப் பற்றி நீங்கள் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். ஆனால் கியரை ஒவ்வொன்றாக இறக்கும்போது இஞ்சின் கொடுக்கும் பிடிமானம் அங்கேயும் உண்டு. ஒரேயடியாக மூன்று கியரை இறக்கினால் பின்பக்கம் சுழன்றுவிடும் என்பதும் உண்டு. மாமாவுக்கு இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கன்ட்ரோலரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

சரி, பையன் ஏன் தோற்றான்? விளையாட்டில் 'மேனுவல்' என்று எழுதியிருப்பது பாதி மேனுவல்தான். ஒரு பொத்தான் மேலே, ஒரு பொத்தான் கீழே. கிளட்ச் கிடையாது. கிரான் டூரிஸ்மோவில் இஞ்சின் அணைந்து நான் பார்த்ததே இல்லை. தெருவிலோ ஆஃப் கிளட்சில் வண்டி துடிக்கும் அந்த அரை அங்குலத்தை இடது காலால் கண்டுபிடிக்க வேண்டும். எப்போது மாற்றுவது என்ற அறிவு அவனிடம் நிறைய இருந்தது. எப்படி மாற்றுவது என்பது காலுக்குத் தெரியவில்லை.

முழு மேனுவல் வேண்டுவோருக்கும் வழி இருக்கிறது. 'ஃபோர்ஸா' வரிசையில் கிளட்சுக்குத் தனிப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். லாஜிடெக் 2006இல் கொண்டுவந்த ஜி25, மூன்று பெடல்களும் ஆறு கியர் ராடும் கொண்டது. அதை மேசையில் முடுக்கிவிட்டு ராடை இடப்பக்கம் பொருத்தினால் நம்மூர் வண்டி மாதிரியே இருக்கும். ஆனால் இதில் வேகம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ராடைப் பிடித்து மாற்றுவது பொத்தானைவிட மெதுவு. அதில் கிடைப்பது வேறு இன்பம்.

'பொத்தானை அழுத்துவது மேனுவலா?' என்று கேட்கும் அத்தான் வகையறாக்களுக்கு ஃபார்முலா ஒன் வரலாற்றைச் சொல்லலாம். 1989இல் ஃபெராரி 640 காரில் ஜான் பார்னார்ட் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விசைகளை வைத்தார். நைஜல் மான்செல் முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், ஜெயித்துக் காட்டினார். சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. 2001இல் முழு ஆட்டோமேட்டிக்கும் அனுமதிக்கப்பட்டது. 2004இல் தடை செய்துவிட்டார்கள். கியரை எப்போது மாற்றுவது என்ற முடிவு ஓட்டுநருடையதாக இருக்க வேண்டும் என்று உலகத்தின் மிக வேகமான பந்தயம் விதி எழுதி வைத்திருக்கிறது. கிளட்சைக் காலால் மிதிக்க வேண்டும் என்று எழுதவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை: முதல் சில வாரம் ஆட்டோமேட்டிக்கிலேயே ஓட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே பிரேக் போடுவது, எந்தக் கோட்டில் வளைவது என்பதுதான் நேரத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அது கைக்கு வருமுன் கியரையும் கவனித்தால் இரண்டும் கெடும். பாதை மனப்பாடமானபின் அதே காரில், அதே பாதையில் மேனுவலுக்கு மாறுங்கள். காரையும் பாதையையும் சேர்த்து மாற்றினால் எதனால் கெட்டது என்றே தெரியாது. நான் முதல் வாரம் என் பழைய நேரத்தைவிட அரை நிமிடம் பின்தங்கினேன். மூன்றாம் வாரத்தில்தான் முந்தினேன். முள்ளைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். விரல் வலி, மூட்டுவலி உள்ளவர்களும் ஒரே கையால் ஆடுகிறவர்களும் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும். அவர்களைக் கேலி செய்கிற ஆட்டக்காரர்களை நான் மதிப்பதில்லை.

நிஜ உலகம் இதற்குள் எங்கோ போய்விட்டது. பேட்டரிக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர்தான், மாற்ற எதுவுமில்லை. அது போரடிக்கிறது என்று 2023இல் ஹூண்டாய் தன் அயோனிக் 5 என் காரில் இல்லாத எட்டு கியரை இருப்பதுபோல் பாவனை செய்யும் ஏற்பாட்டைக் கொடுத்தது. விசையை இழுத்தால் கார் ஒரு குலுக்குக் குலுக்கும், பெட்ரோல் இஞ்சின் மாதிரி சத்தமும் போடும். விளையாட்டு காரைப் பார்த்துச் செய்தது போக, கார் விளையாட்டைப் பார்த்துச் செய்கிறது.

பையன் ஆட்டோமேட்டிக் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டான். வேலை தருகிறவர்கள் ஆட்டோமேட்டிக் கார் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளட்சை அப்புறம் நான் நிதானமாகக் கற்றுக்கொடுப்பதாக ஒப்பந்தம். அத்தான் இதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்கு வந்து, "அந்த ஜெர்மனி ரோட்டைக் கொஞ்சம் காட்டு" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். எந்த கியரில் வைத்துக் கொடுத்தோம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. பெர்க்வெர்க் வரைக்கும் அவர் வரவே இல்லை.