கரியமில வாயுவும் சைக்கிள் டியூபும்

வல்வில் ஓரியின் கொல்லிமலையிலே திண்ணனூர் நாடு என்று ஒரு நாடு உண்டு. நாடு என்றால் தேசமன்று. மலையூர்களின் தொகுதிக்கு அங்கே வழங்கும் பெயர். காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதிலே சைக்கிள் ஏறி வருவோரும் இருக்கிறார்கள்!

இக்காலத்துச் சைக்கிள்காரர் சிலர் பம்புக்குப் பதிலாக விரல் நீள எஃகுக் குப்பியொன்றை வைத்திருப்பர். அதனுள்ளே 16 கிராம் கரியமில வாயு, அழுத்தத்தால் திரவமாகி அடங்கியிருக்கும். வால்விலே பொருத்தித் திறந்தால், நொடிப்பொழுதில் டியூப் விம்மி நிற்கும். குப்பியோ பனி பூத்துவிடும். மலையுச்சியில் காற்று மெலிந்திருப்பதால் பம்புக்காரர் இன்னும் சில தடவை கூடுதலாக அடிக்கவேண்டும். குப்பிக்காரர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்யக்கூடும். ஆனால் ஓரிரு நாளில் அந்தச் சக்கரம் தளர்ந்துவிடும். பஞ்சரும் இல்லை, வால்விலே குறையும் இல்லை. வாயு எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை, காற்றடைத்த சைக்கிள் டயரை டன்லப் 1888இல் பெல்பாஸ்ட் நகரில் உருவாக்குவதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதுதான் எனக்கு வியப்பு. 1831இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் மிட்செல், ரப்பர்ச் சவ்வின் வழியே வாயுக்கள் வெவ்வேறு வேகத்தில் ஊடுருவுவதைக் கண்டார். 1866இல், லண்டன் நாணயசாலைத் தலைவராயிருந்த தாமஸ் கிரஹாம் அவ்வேகங்களை அளந்தார். நைட்ரஜனைவிடப் பிராணவாயு இரண்டரை மடங்கு விரைவாகவும், கரியமில வாயு பதின்மூன்றரை மடங்கு விரைவாகவும் சென்றன.

இது கிரஹாமுக்கே சோதனையாக அமைந்த முடிவு. நுண்துளைகளின் வழியே இலேசான வாயுவே விரைந்து செல்லும் என்று விதி வகுத்தவர் அவரல்லவா? கரியமில வாயுவோ காற்றினும் ஒன்றரை மடங்கு கனமானது. அவர் கண்ட விளக்கம் அழகானது: ரப்பரில் வாயு துளை தேடிச் செல்வதில்லை; நீரிலே சர்க்கரை கரைவதுபோல ரப்பரிலேயே கரைந்து, மறுபுறத்தில் ஆவியாகி வெளிப்படுகிறது. எளிதில் கரைவதே முந்துகிறது.

1937இல் அமெரிக்காவில் கண்ட பியூட்டைல் ரப்பர், எல்லா வாயுக்களையும் முன்னிலும் இறுகப் பிடித்துவைக்கிறது. ஆயினும் கரியமில வாயு முந்திக்கொள்ளும் வழக்கம் மாறவில்லை.

பந்தயக்காரருக்கு அக்குப்பி போதும். அவர் மாலைக்குள் வீடு சேர்ந்துவிடுவார். திண்ணனூர் நாட்டிலே இரவு தங்கி, விடிந்ததும் 70 வளைவுகளையும் இறங்கவேண்டியவரோ, அந்த வாயுவை வெளியேற்றிவிட்டுப் பம்பை எடுத்துக்கொள்ளட்டும். முன்சக்கரம் தளர்ந்திருந்தால், வளைவிலே வண்டி திருப்பிய வழிக்கு வராது.