கத்தி எட்டும் தூரம்: பரவிய மார்பகப் புற்றுநோயில் அறுவை சிகிச்சை வந்த வழி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி போன்ற கரையூர்களைக் கொண்ட அறந்தாங்கிப் பகுதி அன்று தஞ்சாவூர் மாவட்டம். 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இரண்டும் ஒரே மாவட்டமாயின. முத்துலட்சுமியின் தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. மருத்துவர்கள் முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்தார்கள். தங்கையின் சாவு தந்த வைராக்கியம் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அந்த நோய் மார்பகத்தில் தொடங்கியதல்ல. ஆனால் வயிற்றுக் கோளாறாக வேடமிட்டு வரும் அந்தத் தந்திரம் மார்பகப் புற்றுநோய்க்கும் தெரியும்.

மார்பகப் புற்றுநோய் பரவினால் வழக்கமாகப் போகும் இடங்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை. இரைப்பை, குடல், வயிற்றின் உள்ளுறை, சினைப்பை, பித்தப்பை, தைராய்டு, கண்ணின் நடுப்படலம் ஆகியவை அபூர்வமான இடங்கள். அங்கே கத்தி வைக்கலாமா என்ற கேள்விக்கு ஒன்றேகால் நூற்றாண்டாக வெவ்வேறு பதில்கள் வந்துள்ளன. கத்தியின் எல்லை முதலில் விரிந்தது, பிறகு சுருங்கியது. சுருங்கியதைத்தான் வளர்ச்சி என்று நான் கருதுகிறேன்.

1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். கல்லீரலில் நோய் இருந்தது 241 பேருக்கு, மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. இரண்டுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த வேறுபாடு? விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். அபூர்வப் பரவல் வெறும் தற்செயலல்ல, அதற்கும் ஒரு தெரிவு இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இதுவே விதை.

அறுவை மருத்துவர்கள் அன்று அதைச் சட்டை செய்யவில்லை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை 1894இல் வெளியிட்டார். நோய் ஒழுங்காக அக்கம்பக்கமாகப் பரவுகிறது, ஆகவே அகலமாக வெட்டினால் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. கிளாஸ்கோவின் பீட்சன் வேறு திசையில் யோசித்தார். மார்பகம் அகற்றியும் நோய் திரும்பிவிட்ட 33 வயதுப் பெண்ணின் சினைப்பைகளை எடுத்தார். சில மாதங்களில் மார்புச் சுவரில் இருந்த கட்டிகள் கரைந்தன. 1896இல் அதை வெளியிட்டார். நோய் இல்லாத உறுப்பை எடுத்து, வேறிடத்தில் இருக்கும் நோயை வாட்டிய இந்த வேலை, அறுவை சிகிச்சையின் வரலாற்றில் விசித்திரமான அத்தியாயம். அதே ஆண்டில் ஜெர்மனியின் குருக்கன்பெர்க் சினைப்பைக் கட்டி ஒன்றை விவரித்தார். அது சினைப்பையிலேயே தோன்றியது என்று நம்பினார். பெரும்பாலும் இரைப்பையிலிருந்தும், சில சமயம் மார்பகத்திலிருந்தும் வந்திறங்கிய நோய் அது என்று பின்னால் தெரிந்தது. பீட்சன் நலமான சினைப்பையை எடுத்த காலத்தில், குருக்கன்பெர்க் பார்த்தது பரவல் குடியேறிய சினைப்பையை.

ஹார்மோன் சுரக்கும் உறுப்பை எடுத்து நோயை அடக்கும் பீட்சனின் பாதை நெடுந்தூரம் போயிற்று. 1950களின் தொடக்கத்தில் சிகாகோவின் ஹக்கின்ஸ் அட்ரீனல் சுரப்பிகளை அகற்றினார். ஸ்டாக்ஹோமில் லுஃப்டும் ஒலிவக்ரோனாவும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியையே எடுத்தார்கள். சில பெண்களுக்கு எலும்பு வலி தணிந்தது, கொடுத்த விலை பெரிது. 1970களில் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபன் மாத்திரை வந்ததும் இந்த அறுவைகள் வழக்கொழியத் தொடங்கின. ஹால்ஸ்டெட்டின் முறைக்கும் அதே கதி. 1971இல் பெர்னார்டு ஃபிஷர் தொடங்கிய ஆய்வு, தசையோடு வெட்டுவதும் மார்பகத்தை மட்டும் எடுப்பதும் ஆயுளில் வேறுபாடு தரவில்லை என்று காட்டியது. 25 ஆண்டு தொடர்ந்து பார்த்தும் முடிவு மாறவில்லை.

தமிழ்நாட்டில் நிலை வேறு. கட்டி தோலைப் பிளந்து புண்ணான பிறகே மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏராளம். டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அவரோடு இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்த அடையாறு நிறுவனம், முற்றிய கட்டிகளுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, அதன் பிறகு அறுவை என்ற முறையைப் பெரிய அளவில் கையாண்டது. கதிர்வீச்சைத்தான் நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். கத்தி அங்கே முதல் இடத்திலிருந்து இறங்கி வரிசையில் நின்றது.

நோய் ஏற்கெனவே பரவிவிட்ட நிலையில் மார்பகக் கட்டியை எடுப்பது பயன்தருமா என்ற கேள்விக்கு, சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கிப் பதில் தேடியது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. ராஜேந்திர பட்வே தலைமையில் 350 பெண்கள் 2005 முதல் 2013 வரை சேர்க்கப்பட்டார்கள். 2015இல் முடிவு வந்தது: அறுவை செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், செய்யாதவர்களுக்கு 20.5 மாதம். மார்பில் நோய் அடங்கியது, தொலைவில் வேகமெடுத்தது. துருக்கியில் நடந்த ஆய்வு ஐந்தாண்டுக் கணக்கில் அறுவைக்கு ஆதரவாகப் பேசியது. பிறகு வந்த அமெரிக்க ஆய்வு மும்பையின் பக்கம் நின்றது. என் பார்வையில் எடை மும்பைப் பக்கம்தான்.

பரவிய இடத்தையே அறுப்பது தனிக்கதை. 1990இல் பேட்செல், மூளையில் ஒற்றைக் கட்டி இருந்த 48 பேரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார். பல்வகைப் புற்றுநோயாளிகள் அவர்கள். அறுத்துக் கதிர் கொடுத்தவர்கள் இடைநிலையாக 40 வாரமும், கதிர் மட்டும் பெற்றவர்கள் 15 வாரமும் வாழ்ந்தார்கள். 1995இல் ஹெல்மனும் வைக்செல்பாமும், சில இடங்களில் மட்டும் பரவிய நோயைத் தனி நிலையாகக் காண வேண்டும் என்றார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்த அமெரிக்க மார்பகப் புற்றுநோய் ஆய்வு 2022இல் அறிவித்த முடிவு ஏமாற்றமே: பரவிய ஒரு சில இடங்களைக் கதிராலோ கத்தியாலோ அழித்தும் பலன் தென்படவில்லை.

வயிற்றுக்குள் பரவுவதில் லோபுலர் வகைக்குத் தனி இடம் உண்டு. ஊடுருவும் மார்பகப் புற்றுநோயில் இது பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மேல். செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் இதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் செல்கள் உருண்டு திரளாமல் வரிசையாக ஊடுருவும். ஸ்கேனில் பல சமயம் கட்டியாகத் தெரியாது. இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்து அசல் இரைப்பைப் புற்றுநோய் போலவே காட்டும். அமெரிக்க மேயோ கிளினிக் 2005இல் வெளியிட்ட 73 பெண்களின் தொகுப்பில், மார்பக நோய்க்கும் வயிற்றுப் பரவலுக்கும் இடையே சராசரியாக ஏழு ஆண்டு கடந்திருந்தது. அறுவை ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை. குடல் அடைத்தால், ஓட்டை விழுந்தால், ரத்தம் கொட்டினால் அறுத்தே ஆக வேண்டும். இரைப்பைப் புற்று என்று நினைத்து முழு இரைப்பையை எடுப்பது தேவையற்ற இழப்பு. கண்ணில் பரவினாலும் பொதுவாக விழியை எடுப்பதில்லை, கதிரும் மருந்தும்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த ஏழு ஆண்டு இடைவெளியின் கனம் தெரியும். ஜெகதாப்பட்டினத்துப் பெண் ஒருவருக்குக் குடல் அடைத்தால் போகும் வழி அறந்தாங்கி, இல்லையேல் 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மார்பு ஆபரேஷன் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் நடந்திருக்கும். வயிற்று வலிக்கு வந்தவர் பழைய மார்புத் தழும்பைப் பற்றிக் கேட்டாலொழியச் சொல்லமாட்டார், ஃபைல் வீட்டுப் பரணில் கிடக்கும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டில் ‘முன்பு மார்பகப் புற்று’ என்ற ஒரு வரி இருந்தால், நோயியல் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் காட்டா-3 புரதத்தையும் சாயமிட்டுப் பார்ப்பார். இல்லாவிட்டால் இரைப்பைப் புற்று என்றே அறிக்கை வரலாம், அதற்கான கீமோவும் தொடங்கிவிடும். சரியாகக் கண்டால், ஏற்பி உள்ள நோய்க்கு ஹார்மோன் மாத்திரைகள் பலிக்கக்கூடும். பரவிய இடத்தில் ஏற்பிகள் மாறியிருக்கவும் கூடும் என்பதால், பழைய அறிக்கை கையில் இருந்தாலும் புதுச் சதையையும் சோதிக்கிறார்கள்.