ஒரு கடலும் பல கழகங்களும்: போல்ற்றிக் பிரதேசத்தின் கல்வி ஒத்துழைப்பு

இயற்கைச் சூழலைப் பேணுவதில் பல்கலைக்கழகங்களுக்குரிய பங்கு யாது என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே பெரிதும் ஆராயப்பட்ட ஒன்றாகும். அரசுகள் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற காலத்திலும் அறிஞர் கூடி ஆராய முடியுமா என்பது அதனுள் அடங்கிய மற்றொரு வினா. இவ்விரண்டுக்கும் போல்ற்றிக் கடற் பிரதேசத்தின் வரலாறு தக்க சான்றாக அமைகின்றது.

ஏறத்தாழ 415,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இக்கடலின் சராசரி ஆழம் 55 மீற்றர் அளவினதே. டென்மார்க்கை அடுத்த ஒடுங்கிய நீரிணைகளின் வழியாகவே பெருங்கடலின் நீர் இதனுள் வருகின்றது. ஆதலால் நீர் முற்றாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய 30 ஆண்டுகள் செல்லும். உவர் மிகுந்த நீர் ஆழத்திலும் உவர் குறைந்த நீர் மேலும் படைகளாக நிற்பதனால், மேல்நீரின் ஒட்சிசன் அடித்தளத்தை எளிதில் அடைவதில்லை. வயல்களின் உரமும் நகரங்களின் கழிவுநீரும் கொணரும் நைதரசனும் பொசுபரசும் அல்காக்களைப் பெருகச் செய்கின்றன. அவை இறந்து அடியிற் படிந்து அழுகும்போது எஞ்சிய ஒட்சிசனும் தீர்ந்துவிடுகின்றது. ஒரு நாட்டின் கழிவு மறு நாட்டின் மீன்வளத்தைக் கெடுக்கும் நிலை இவ்வாறு இயற்கையாகவே அமைந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இக்கடலின் கரை நாடுகள் ஏழும் எதிரெதிர் முகாம்களாகவும் நடுநிலை நாடுகளாகவும் பிரிந்து நின்றன. எனினும் 1957 இல் போல்ற்றிக் கடலாய்வாளரின் முதலாவது மாநாடு கெல்சிங்கியிற் கூடிற்று. 1966 இல் சுவீடன் நாட்டு இரசாயன ஆய்வாளர் சோரென் யென்சென், டீ.டீ.ரீ.யைத் தேடிச் செய்த பகுப்பாய்வுகளிற் கண்ட புரியாத சேர்வைகள் பீ.சீ.பி. எனப்படும் தொழிற்சாலை இரசாயனப் பொருள்களே என வெளிப்படுத்தினார். வெண்வால் கழுகுகளும் சீல்களும் இனம்பெருக்க இயலாது அருகியமைக்கு இத்தகைய நஞ்சுகளே முக்கிய காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின.

1974 மார்ச்சில் கரை நாடுகள் ஏழும் கெல்சிங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. ஒரு முழுக் கடலையும் மாசுபடுத்தும் மூலங்கள் யாவற்றையும் ஒரே ஆவணத்துள் அடக்கிய முதல் முயற்சி இதுவாகும். 1972 இல் இரு யேர்மனிகளும் தமக்கிடையே உறவுக்கான உடன்படிக்கை செய்தமை இதற்கு வழிதிறந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அரசியல் வழி திறந்தபோது, எதனைத் தடுத்தல் வேண்டும் என்பதை ஆய்வாளர் பெரும்பாலும் முன்னரே அறிந்திருந்தனர். உடன்படிக்கைக்குக் குறைபாடும் இருந்தது. நாடுகள் தத்தம் உள்நீர்ப் பரப்புகளை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திக்கொண்டன. 1992 இல் எழுதப்பட்ட புதிய உடன்படிக்கையே அவற்றையும் உள்ளடக்கியது.

ஆய்வில் தொடங்கிய உறவு கற்பித்தலுக்கு விரிந்தது 1991 இலாகும். அவ்வாண்டிலே உப்சாலாப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, லார்சு ரிடேனின் முயற்சியாற் போல்ற்றிக் பல்கலைக்கழகத் திட்டம் உருவாயிற்று. செய்மதித் தொலைக்காட்சியின் வாயிலாகப் பல நாட்டு மாணவரும் கடற்சூழல் பற்றிய ஒரே பாடநெறியைப் பயின்றனர். சோவியத்து ஒன்றியம் கலைந்த ஆண்டும் அதுவே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்னர் 200க்கு மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள் இவ்வலையமைப்பிற் சேர்ந்தன. அரசுகளின் உடன்படிக்கை கரை நாடுகளுடன் நின்றது. பல்கலைக்கழகங்களின் கூட்டோ ஆறுகளைப் பின்தொடர்ந்து உள்நாடுகளுக்குள்ளும் சென்றது. 14 நாடுகளையும் ஏறத்தாழ 85 மில்லியன் மக்களையும் கொண்ட வடிநிலம் முழுவதும் அதன் வகுப்பறையாயிற்று. கடற்கரையே இல்லாத பெலாரசு மாணவனும் கடலுக்குப் பொறுப்புடையவன் என்னும் உண்மையை இவ்வமைப்பே கல்வியாக்கியது எனலாம்.

இவ்வொத்துழைப்பின் பலன் கலப்பானது. நஞ்சுகள் தடைசெய்யப்பட்டபின் வெண்வால் கழுகுகள் மீண்டும் பெருகின. ஆயின் ஒட்சிசன் அற்ற அடித்தளங்கள் இன்னும் பரந்து கிடக்கின்றன. அதனினும் பெரிய சோதனை 2022 இல் வந்தது. ரஷ்யா உக்ரேனின்மீது முழு அளவிற் படையெடுத்ததும், ரஷ்ய, பெலாரசு அரச நிறுவனங்களுடனான தொடர்புகளை நிறுத்துமாறு சுவீடன் அரசு தன் பல்கலைக்கழகங்களை வேண்டியது. கெல்சிங்கி ஆணைக்குழுவின் வழமையான கூட்டங்களும் இடைநிறுத்தப்பட்டன.

தாக்கப்பட்ட நாட்டின் பல்கலைக்கழகங்களும் அதே வலையமைப்பைச் சேர்ந்தவை ஆதலின், இம்முடிவை நியாயமற்றது எனக் கூறுதல் கடினம். ஆனால் அதற்குரிய விலையும் சிறிதன்று. போல்ற்றிக் கடலில் விழும் ஆறுகளுள் மிகுதியான நீரைக் கொணர்வது ரஷ்யாவின் நேவா ஆறாகும். அதன் கரையிற் பயிலும் மாணவர் இல்லாத வகுப்பிலே அக்கடலை முழுமையாகக் கற்பித்தல் அரிது. அறிஞரின் உறவு அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதை 2022 காட்டியது. பகைமை நிறைந்த காலத்திலும் அதனைச் சிறிதளவிலே தொடங்க முடியும் என்பதை 1957 காட்டியிருந்தது. போல்ற்றிக் வரலாற்றைக் கற்போர் இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.