சந்துபோங் மலையடியில் எழுந்த வினா

மாந்தர் வாழும் இடமெல்லாம் ஒரு வினாவும் அவர்களோடு வாழ்ந்து வந்திருக்கின்றது. நாம் எங்கிருந்து வந்தோம் என்பதே அவ்வினா. கடவுள் படைத்தார் என்று சமயங்கள் விடை பகர்ந்தன. ஓர் உயிரினத்திலிருந்து மற்றோர் உயிரினம் காலப்போக்கில் கிளைத்தது என்று அறிவியல் விடை பகர்ந்தது. இவ்விரு விடைகளுக்கும் இடையே மூண்ட பூசல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். பரிணாமம் என்றவுடன் சார்ல்ஸ் டார்வினும் கலாபகோஸ் தீவுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அக்கொள்கையின் சரிபாதி நாம் வாழும் இந்நிலப்பரப்பிலேதான் முளைவிட்டது. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவும், மலாக்காவும், சரவாக்கின் சந்துபோங் மலையடியும் அவ்வரலாற்றின் களங்களாகும். அவ்வரலாற்றை அறிவது நமக்கு வெறும் பெருமைக்காக அன்று. நம் வாழ்வோடு ஒட்டிய பாடமொன்று அதனுள் இருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியர் பலர் கொண்டிருந்த நம்பிக்கை எளிமையானது. ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே படைக்கப்பட்டது. படைத்த நாள்தொட்டு அது மாறவில்லை என்பதே அது. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தின் தலைமுறைக் கணக்கைக் கொண்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே கணித்திருந்தார். 1802-இல் வில்லியம் பேலி என்னும் சமய அறிஞர், கடிகாரம் ஒன்றைக் கண்டால் அதனைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும் அன்றோ. அவ்வாறே கண்ணும் சிறகும் படைத்தவன் ஒருவனைக் காட்டுகின்றன என்று வாதிட்டார். இவ்வாதத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. இளமையில் டார்வினும் இதனைப் படித்து வியந்தவரே. உயிர்களின் அமைப்பு ஏன் இவ்வளவு பொருத்தமாக உள்ளது என்னும் வினா உண்மையான வினாவாகும். விடைதான் வேறாக இருந்தது.

அவ்விடையைத் தேடி 1854-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சிங்கப்பூரில் வந்திறங்கியவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1823-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த இவர் செல்வக் குடியில் தோன்றியவர் அல்லர். பதினான்கு வயதளவிலேயே பள்ளியை விட்டு, நில அளவைப் பணி செய்து பிழைத்தவர். 1848 முதல் நான்கு ஆண்டுகள் அமேசான் காடுகளில் அலைந்து உயிரினங்களைத் திரட்டினார். தாயகம் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உயிர் பிழைத்தாரேயன்றித் திரட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். இத்தகைய இழப்புக்குப் பின்னரும் மனந்தளராது கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டது அவருடைய உறுதிக்குச் சான்று.

சிங்கப்பூரில் அவர் புக்கிட் தீமாவில் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். புலிகளைப் பிடிக்க வெட்டிய குழிகள் நிறைந்த காட்டில் நாள்தோறும் நடந்தார். ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில், இரண்டே மாதங்களில், 700 வகை வண்டுகளைத் திரட்டினார். கடவுளின் படைப்பைப் போற்ற வந்த துறவி அளித்த நிழலில் இருந்துகொண்டே, படைப்பைப் பற்றிய பழைய கருத்தை மாற்றப்போகும் சான்றுகளை அவர் சேர்த்தார். சமயமும் அறிவியலும் எந்நாளும் பகைவர்களாகவே வாழ்ந்தன என்பார்க்கு இவ்வில்லம் ஒரு மறுமொழி.

பின்னர் மலாக்கா சென்று, லேடாங் மலை என நாம் அழைக்கும் ஓஃபிர் மலையில் ஏறினார். அவ்வாண்டின் இறுதியில் சரவாக் சென்று ஜேம்ஸ் புரூக்கின் விருந்தினரானார். 1855-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், மழைக்காலத்தில், சரவாக் ஆற்றின் முகத்துவாரத்தில் சந்துபோங் மலையடியில் இருந்த சிறு வீடொன்றில் தனித்திருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். அதன் கருத்து இது: எந்தப் புதிய உயிரினமும் வெற்றிடத்தில் தோன்றுவதில்லை, அதனை ஒத்த மற்றோர் உயிரினம் முன்னரே வாழ்ந்த இடத்திலும் காலத்திலுமே தோன்றுகின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே படைக்கப்பட்டிருப்பின், உறவுடைய உயிர்கள் அருகருகே வாழ வேண்டிய தேவை என்ன? கிளைகள் அடுத்தடுத்து இருப்பதற்குக் காரணம் அவை ஒரே மரத்தில் கிளைத்தவை என்பதன்றோ? இன்று இதனைச் 'சரவாக் விதி' என்பர். இதனைப் படித்த நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லயல், பல்லாண்டுகளாகத் தம் கருத்தை வெளியிடாதிருந்த டார்வினை விரைந்து எழுதுமாறு 1856-இல் தூண்டினார்.

அதே 1856-இல் வாலஸ் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்ணால் காணலாம். வெயிலும் மழையும் மண்ணும் பெரிதும் ஒத்தவை. ஆயின் பாலியில் மரங்கொத்தி போன்ற ஆசியப் பறவைகளைக் கண்டவர், லொம்போக்கில் ஆஸ்திரேலியாவுக்குரிய கொண்டைக்கிளிகளைக் கண்டார். தட்பவெப்பத்துக்கு ஏற்ப உயிர்கள் படைக்கப்பட்டன எனின், ஒத்த தட்பவெப்பம் உடைய இரு தீவுகளில் உயிர்கள் ஏன் வேறுபட வேண்டும்? விடை கடலின் ஆழத்தில் இருந்தது. பனியூழிக் காலத்தில் கடல் தாழ்ந்தபோது மலாயாவும் சுமத்திராவும் போர்னியோவும் சாவகமும் பாலியும் ஒரே நிலமாய் ஆசியாவோடு இணைந்திருந்தன. ஆழமிகுந்த லொம்போக் நீரிணையோ அன்றும் வற்றவில்லை. உயிர்களின் பரவல் அவற்றின் வரலாற்றைச் சொல்கின்றது. இந்த எல்லைக்கு 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி 'வாலஸ் கோடு' என்று பெயரிட்டார்.

எவ்வாறு மாறுகின்றன என்னும் வினா எஞ்சியிருந்தது. 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, முன்னர்ப் படித்த மால்தசின் மக்கள்தொகை நூல் வாலசின் நினைவுக்கு வந்தது. பிறப்பன யாவும் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்தியவை மிகுதியாகப் பிழைத்துத் தம் இயல்பை வழித்தோன்றல்களுக்கு விட்டுச் செல்கின்றன என்பது அவருக்குப் புலனாயிற்று. தெர்நாத்தே என்று முகவரியிட்டு அதனை டார்வினுக்கே எழுதியனுப்பினார். தாம் இருபது ஆண்டுகளாகச் சிந்தித்ததைப் பிறர் ஒருவர் எழுதக் கண்டு டார்வின் திகைத்தார். 1858 சூலை முதல் நாள் இருவர் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பெற்றன. வாலஸ் அப்போது நியூகினியில் இருந்தார். டார்வினோ தம் பச்சிளங்குழந்தையைச் சில நாள்களுக்கு முன் இழந்திருந்தார். இருவரும் அவையில் இல்லை. மறு ஆண்டு நவம்பரில் டார்வினின் நூல் வெளிவந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது.

இவ்விடத்தில் ஒருவரை மறத்தல் ஆகாது. சரவாக்கிலிருந்து வாலசுடன் சென்ற அலி என்னும் மலாய் இளைஞரே அவர். சமைத்தார், பறவைகளைச் சுட்டார், தோலுரித்துப் பதப்படுத்தினார், நோயுற்ற வேளையில் துணை நின்றார். வாலஸ் எட்டாண்டுகளில் திரட்டிய 1,25,660 உயிரின மாதிரிகளில் அலியின் கையால் வந்தவை மிகப் பல. 1862-இல் இருவரும் பிரியுமுன் சிங்கப்பூரில் எடுக்கப்பெற்ற அலியின் நிழற்படம் இன்றும் உள்ளது.

பின்னர் எழுந்த பூசலை உலகம் அறியும். 1860-இல் ஆக்ஸ்போர்டில் ஆயர் வில்பர்போர்சும் ஹக்ஸ்லியும் மோதினர். அம்மோதலைப் பற்றிய கதைகள் பல. எனினும் அங்குப் பேசப்பட்டது சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்பெறவில்லை. 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பரிணாமம் கற்பித்த குற்றத்திற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பு 1927-இல் சட்ட நுணுக்கம் ஒன்றால் நீக்கப்பெற்றது. அச்சட்டமோ 1967 வரை நிலைத்தது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது அறிவியல் அன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் இந்தியாவின் பத்தாம் வகுப்பு மத்தியப் பாடநூலிலிருந்து பரிணாமப் பாடம் நீக்கப்பட்டபோது அறிவியலாளர் பலர் கண்டித்தனர். மறுபுறம், 1950-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் பரிணாமத்தை ஆராயலாம் என்றார். 1996-இல் இரண்டாம் ஜான் பால் அது வெறும் கருதுகோள் அன்று என ஒப்பினார். ஆகவே இதனைக் கடவுளுக்கும் குரங்குக்கும் இடையிலான வழக்காகச் சுருக்குவது இரு தரப்பாருக்கும் இழுக்கு. குரங்கிலிருந்து மாந்தன் வந்தான் என்று பரிணாமம் கூறவில்லை. இருவர்க்கும் முன்னோர் ஒருவரே என்றே கூறுகின்றது.

தமிழராகிய நாமும் இங்கு நடுநிலை காத்தல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்களை வகுத்திருப்பது கண்டு, டார்வினுக்கு முன்னரே நாம் பரிணாமம் கண்டோம் என மேடைகளில் முழங்குவாருளர். அது நுண்ணிய வகைப்பாடு, போற்றத்தக்கது. ஆயின் ஓர் இனம் மற்றோர் இனமாக மாறியது என்று அது கூறவில்லை. இல்லாததை ஏற்றிச் சொல்வதால் முன்னோர் பெருமை வளராது.

விந்தை யாதெனில், இப்பூசல் வாலசின் நெஞ்சுக்குள்ளேயே நிகழ்ந்தது. ஆவியுலகக் கொள்கையில் ஈடுபாடு கொண்ட அவர், மாந்தனின் மனத்தை இயற்கைத் தேர்வு ஒன்றினாலேயே விளக்கவியலாது. அதற்கு மேலான ஓர் ஆற்றல் வேண்டும் என 1869-இல் எழுதினார். டார்வின் வருந்தி மறுத்தார். அவ்வாண்டில் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் தம் பயண நூலை வாலஸ் டார்வினுக்கே படைத்திருந்தார். 1881-இல் வறுமையுற்ற வாலசுக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்க முயன்றவர் டார்வினே. கருத்து வேற்றுமை நட்பைக் கெடுக்கவில்லை. வாதிடுவோர் அனைவரும் கற்கத்தக்க பண்பு இது.

மாந்தன் மாற்றத்துக்கு ஏற்ப எவ்வாறு அமைந்தான் என்பதற்கும் இப்பகுதியே சான்று தருகின்றது. கடலில் மூழ்கி மீன்பிடிக்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அண்டை நிலமக்களின் மண்ணீரலைவிட ஏறத்தாழ பாதியளவு பெரியது என்று 2018-இல் இந்தோனேசியாவில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. தலைமுறை தலைமுறையாக மூழ்கிய வாழ்வு உடலில் பதிந்துள்ளது. ஆயின் மாந்தன் உடலால் மட்டும் தகவமைந்தவன் அல்லன். பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் 1991-இல் ஏறத்தாழ பதினாயிரம் ஆண்டுப் பழமையான எலும்புக்கூடு ஒன்று அகழப்பெற்றது. 'பேராக் மனிதன்' எனப்படும் அவர் பிறவியிலேயே கைக்குறை உடையவர். எனினும் நடுவயது வரை வாழ்ந்தார். இறந்தபின் உணவும் கற்கருவிகளும் சிப்பிகளும் உடன் வைத்து அடக்கம் செய்தனர். குறையுடையவரை அக்கூட்டம் கைவிடவில்லை, காத்தது, மதித்தது.

'தக்கன பிழைக்கும்' என்னும் தொடர் டார்வினுடையது அன்று. 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கியது. தக்கது என்பது சூழலுக்குப் பொருந்தியது என்னும் பொருளுடையதேயன்றி, வலியது என்னும் பொருளுடையதன்று. பொருள் திரித்தோர் இனங்களை ஏணிப்படிகளாக அடுக்கினர். 1883-இல் பிரான்சிஸ் கால்டன் 'இனமேம்பாடு' என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டினார். அது பின்னாளில் பெருங்கொடுமைகளுக்கு வழிவகுத்தது. வாலஸ் அதனை இறுதிவரை எதிர்த்தார்.

நமக்குரிய பாடம் இங்கேதான் உள்ளது. உயிரினங்கள் மாறாதவை என்று நம்பிய அதே மனப்பாங்கு, மக்களையும் மாறாதவர்களாகக் கண்டது. இந்த இனம் வணிகத்துக்கு. அந்த இனம் வயலுக்கு. தமிழன் பணிந்து பால்மரம் சீவுதற்கே பிறந்தவன் என்று குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வகுத்து வைத்தனர். ஆனால் அந்த இரப்பர் மரமே இம்மண்ணுக்குரியதன்று. அமேசான் காட்டில் முளைத்து, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து வேரூன்றியது. மரமும் வந்தேறி, சீவியவனும் வந்தேறி. இருவரும் இம்மண்ணை மாற்றினர், இம்மண்ணால் மாறினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் நகரங்களாக மாறியபோதும், லயங்களை விட்டுப் பெயர்ந்தவர்களுக்கு எவரும் வழிகாட்டி நூல் எழுதித் தரவில்லை. கைகொடுத்தவை பள்ளியும், சங்கமும், ஒருவரை ஒருவர் தாங்கிய உறவுமே. தடுமாறியவர்கள் குருதிக் குறையால் தடுமாறவில்லை. தாங்கும் கை கிட்டாமையால் தடுமாறினர்.

இன்று கடல் உயர்கின்றது; வெப்பம் மிகுகின்றது; தொழில்கள் ஒரு தலைமுறைக்குள்ளேயே மறைகின்றன. உடலின் பரிணாமம் இத்துணை விரைவில் நிகழாது. கற்றலும் கூடி வாழ்தலுமே நாம் விரைந்து மாறுதற்குரிய வழிகள். படைத்தவனை நம்புவோர் நம்புக. அது அவரவர் நெஞ்சத்தின் உரிமை. ஆயின் எந்த மாந்தனையும் மாற முடியாதவன் என்று முத்திரை குத்தும் உரிமை எவருக்கும் இல்லை. சந்துபோங் மலையடியில், மழை ஓயாத அவ்வீட்டில் எழுந்த வினா நமக்கு விட்டுச் சென்ற விடை இதுவே.