இரும்புச் சாவி

என் சிறுபிராயத்தில் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் காக்காய் வலிப்பு வரும். அவன் துடித்து விழுந்ததும் யாராவது சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரும்பைக் கையில் திணித்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது தெருவின் நம்பிக்கை. இரண்டொரு நிமிஷத்தில் நிற்கவும் செய்யும். பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் பேரெல்லாம் சாவிக்கு! பையனை டாக்டரிடம் காட்டவே இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அவன் தங்கைக்கு வரன் அமையாதே என்று பெற்றோருக்குப் பயம்.

இத்தனைக்கும், எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பிரயாணத்தில் வேலூர் வந்துவிடும். 1900-ஆம் வருஷம் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்க மாது ஒரே ஒரு படுக்கையுடன் ஆரம்பித்த வைத்தியசாலை அங்கே பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்திருந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை, நரம்பு ரணசிகிச்சைக்கென்று ஒரு தனிப்பிரிவு ஏற்பட்டது டில்லியிலும் அல்ல, பம்பாயிலும் அல்ல. 1949-இல் இந்த வேலூரில்தான்.

அதை ஏற்படுத்தியவர் டாக்டர் ஜேகப் சாண்டி. கேரளத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கானடாவில், மாண்ட்ரீல் நகரத்தில், வைல்டர் பென்பீல்டு என்ற மேதையிடம் பயின்றார். பென்பீல்டின் முறையைக் கேட்டால் நமக்கு மயிர்க்கூச்செறியும். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார். மூளைக்கு வலி தெரியாதல்லவா? அந்தப் பதில்களைக் கொண்டு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நிச்சயித்துக்கொண்டு, வலிப்பு கிளம்பும் இடத்தை அகற்றுவார்.

அந்த வித்தையோடு சாண்டி வேலூருக்கு வந்தார். ஸ்கேன் யந்திரம் இங்கிலாந்தில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது 1971-இல்தான். அதுவரையில் மூளைக்குள் காற்றைச் செலுத்தியோ, ரத்தக் குழாயில் மருந்தை ஏற்றியோ எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்துக் கட்டியை ஊகிக்க வேண்டும். 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தி இதே சிகிச்சையைத் தொடங்கினார். மறு வருஷமே இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள்.

ஆனால், வலிப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. பத்துப் பேரில் ஏழு பேருக்கு மாத்திரையே போதும் என்கிறார்கள். 1912-லேயே ஒரு மருந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது, 1938-இல் இன்னொன்று. இரண்டும் விலை மலிவானவை.

எங்கள் தெருப் பையன் பதினாலாவது வயதில் குளத்தில் குளிக்கப் போனான். தண்ணீரிலேயே வலிப்பு வந்துவிட்டது. சாவி கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சாவி என்ன செய்யும்? கையைப் பிடித்துக் கரையேற்ற ஒருவர் வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், தினம் ஒரு மாத்திரை வேண்டியிருந்தது.

மாண்ட்ரீலிலிருந்து ஒருவர் கடல் கடந்து வேலூர் வரைக்கும் அந்த வித்தையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து வேலூருக்கு ஒரு டிக்கெட் வாங்கத்தான் எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.