அடுப்புப் புகையின் வரலாறு

மன்னர்களின் போர்களையும் ஆங்கிலேயர் ஆட்சியையும் வரலாறு எனக் கற்கிறோம். நம் அன்னையர் நாள்தோறும் புகைக்குள் அமர்ந்து உலையேற்றிய செய்தி எப்பாடநூலிலும் இடம்பெற்றதில்லை. அதனைச் சுருக்கமாகவேனும் இம்மலரில் பதிவு செய்தல் தகும்.

விறகு அடுப்பில் முழுமையாக எரிவதில்லை. எரியாது எஞ்சுவதே புகை. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும், இரண்டரை மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள்களும் கலந்துள்ளன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். இத்துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்கிவிடாமல் நுரையீரலின் அடியாழம் வரை சென்று படிகின்றன. ஈரவிறகும் வறட்டியும் மிகுதியாகப் புகையும். விலைகொடுத்து நல்ல விறகு வாங்க வகையற்ற சேரி மக்களுக்கு வாய்த்தவை அவையே. சமையலறை வேறு, படுக்கையறை வேறு என்ற பேச்சுக்கே இடமில்லாத குடிசையில் தொட்டிற்குழந்தையும் அப்புகையையே சுவாசித்தது.

இதன் கேட்டை மருத்துவ உலகிற்கு உணர்த்தியவர்களுள் முன்னோடி டாக்டர் எஸ். பத்மாவதி. டில்லியில் பணியாற்றிய இதய மருத்துவரான அவர், நுரையீரல் பழுதுற்று அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளரும் நோய் கண்ட 127 பேரைப் பற்றிய ஆய்வினை 1959இல் வெளியிட்டார். பீடி, சிகரெட்டைத் தொட்டறியாத பெண்களுக்கும் இந்நோய் வருவதேன் என்ற வினா எழுந்தது. அவரும் அவருடன் பணியாற்றியோரும் தொடர்ந்து செய்த ஆய்வுகள் அடுப்புப் புகையைச் சுட்டின. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் குஜராத் சிற்றூர்களில், சமைக்கும் பெண்கள் மீதே கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் வீட்டுப்புகையால் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

தீர்வு தேடியோரும் இருந்தனர். 1940களில் வார்தாவிலுள்ள மகன்வாடியில் புகைபோக்கியுடன் கூடிய 'மகன்' அடுப்பு உருவாயிற்று. (இது நம் தமிழ் 'மகன்' அன்று, மகன்லால் காந்தியின் பெயரால் அமைந்தது.) ஐதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி. ராஜூ வகுத்த புகையிலா அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் நம் சென்னையிலேயே அச்சாகி வெளிவந்தது. 1983இல் மைய அரசு தேசியத் திட்டமொன்றைத் தொடங்கி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை அமைத்து, 2002இல் அதனைக் கைவிட்டது. களிமண் வெடித்தது, புகைபோக்கியில் கரி அடைத்தது, செப்பனிட ஆளில்லை. செம்மையாக இயங்கிய அடுப்பும் புகையை வீட்டிலிருந்து தெருவிற்கு மாற்றியதேயன்றி ஒழிக்கவில்லை. நெருங்கிய குடிசைகளில் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் காற்றாயிற்று.

ஆகவே எரிபொருளையே மாற்றுவதுதான் வழி என்பது தெளிவாயிற்று. தமிழ்நாட்டில் 2006 முதல் 2011 வரையிலான ஆட்சிக்காலத்தில் ஏழைகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. 2016 மே 1ஆம் நாள் உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. 2018இல் அது பட்டியல் இன, பழங்குடிக் குடும்பங்கள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது.

பயன் என்ன? இந்தியா உட்பட நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவிலும், விறகடுப்பைத் தொடர்ந்தவர்களிடம் 70 அளவிலும் இருந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2022இல் முடிவு வெளியாயிற்று. இதனை மறைப்பது அறிவுடைமையாகாது. தலைமுறைகளாக ஏறிய கேட்டையும், தாயின் ஊட்டக்குறைவையும் ஒரு பேறுகாலத்து அடுப்பு மாற்றத்தால் ஈடுசெய்ய இயலாது என்பது என் துணிபு.

சிலிண்டர் தீர்ந்த நாளில் கூலிக்காரர் வீட்டில் மீண்டும் சீமைக்கருவேல் எரிகிறது. அதைச் சுமந்துவர அனுப்பப்படுபவள் பெரும்பாலும் பெண்பிள்ளை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே விழும் குறியை ஆசிரியர்கள் அறிவோம். மறுநிரப்பலுக்கு 2022 மே முதல் 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் உஜ்வலா பயனாளிகளுக்கு மானியமாக அளிக்கப்பட்டது. அந்த இணைப்பு குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே வழங்கப்படுவது. மனைப்பட்டாவில் தம் பெயரைக் கண்டிராத நம் தாய்மார் பலர், எரிவாயுப் புத்தகத்தில் அதனைக் கண்டனர்.